செத்தவங்களுக்கு மட்டும்தான் பேர்

"ஒரு சமாதியைக் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்"னு சொல்லிட்டு, அந்தம்மா கைப்பையை மடியில வெச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நாங்க பிடுங்கிக்கிட்டு ஓடிடுவோம்னு பயந்தாங்களோ என்னமோ.

"யாரோட சமாதி?" அக்கா கேட்டாங்க.

"என்னைப் பெத்த அம்மாவோடது."

என் வாய் சும்மா இருக்காது. "சமாதி எங்கேயும் ஓடிப்போகாதேம்மா, அதுக்கு எதுக்கு துப்பறியறவங்க?"ன்னு கேட்டு வெச்சேன். அக்கா என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைச்சாங்க. நான் எழுந்துபோய் டீ போட ஆரம்பிச்சேன்.

அக்கா எனக்குப் பெரியம்மா பொண்ணு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில பல வருஷம் குப்பை கொட்டினவங்க. யாராவது செத்துட்டதாச் சொல்லி பணம் கேட்டா, ஆள் நிஜமாவே செத்தானான்னு போய்ப் பார்க்கிறதுதான் அவங்க வேலை. பொண்டாட்டி கூடத்துல நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுதுட்டிருக்க, பரண்மேல தும்மின புருஷனைக்கூட இறக்கிக் கொண்டாந்திருக்காங்க. ரிடையரானதும் வீட்டுல சும்மா இருக்க முடியாம, ஒரு சலவைக் கடைக்கு மேல இந்த ஆபீஸைப் போட்டாங்க. நான் செல்போன் ரிப்பேர் கடை வெச்சு, அதை நல்லபடியா இழுத்து மூடிட்டு, அவங்ககிட்ட ஒட்டிக்கிட்டவன். கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான். என் சொந்தப் பேரு அக்காவுக்கு மறந்தே போச்சு. 'ஓட்டைவாய்'னுதான் கூப்பிடுவாங்க.

வந்தவங்க மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்காங்க. தலை பாதிக்குமேல நரைச்சிருந்துச்சு. பச்சைக் குழந்தையா ஒரு காப்பகத்துல விட்டுட்டாங்களாம். எடுத்து வளர்த்தவங்க தங்கமானவங்க, இப்போ ரெண்டு பேரும் இல்லை. காப்பகத்துல கேட்டப்போ பெத்த அம்மா பேரையும், அவங்க பிறந்த வருஷத்தையும், ஊரையும் சொல்லியிருக்காங்க. அதுக்குமேல எங்களுக்கும் தெரியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க.

"அந்தப் பேரை வெச்சுக்கிட்டுத் தேடாத இடமில்லை. குடும்ப மரம் போடற இணையதளம் இருக்கு, தெரியுமா? அப்பா, தாத்தா, பாட்டன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டம் போட்டு, கோடு இழுத்து வெச்சிருப்பாங்க. யார் வேணா தேடலாம். நானும் மாசத்துக்கு ஒரு தடவை அவங்க பேரை அடிச்சுப் பார்ப்பேன். ஒண்ணுமே வராது. போன வருஷம் ஒரு நாள் சும்மா அடிச்சேன். வந்தாங்க." கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல வெச்சாங்க. "போட்டோவோட வந்தாங்க. செத்துட்டாங்கன்னு போட்டிருந்துச்சு."

அச்செடுத்த படம். நடுத்தர வயசுப் பொம்பளை, கண்ணாடி இல்லாத முகம். படத்தையும் பார்த்து எதிர்ல இருந்தவங்களையும் பார்த்தா, வேற சாட்சியே வேண்டியதில்லை. அதே தாடை, அதே நெத்தி.

"செத்த தேதி என்னன்னு கேளுங்க. என் பிறந்த நாள். அந்த நாள்லயா போகணும்? அவங்களுக்குக் கீழே ஒரு கட்டம் இருந்துச்சு. பேர் இல்லை. 'பெண்'னு மட்டும் போட்டிருந்துச்சு. என்னைத் தூக்கிக் குடுத்துட்டு, இன்னொருத்தியைப் பெத்து வளர்த்திருக்காங்க. எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சுது. கம்ப்யூட்டரை மூடினவ, அப்புறம் அந்தப் பக்கமே போகலை."

"இப்போ மட்டும் என்ன?" அக்கா மெதுவாக் கேட்டாங்க.

"எத்தனை நாள்தான் கோவமாவே இருக்கிறது? ஒரு தடவை போய் அவங்க பக்கத்துல உட்காரணும். 'ஏம்மா?'ன்னு கேட்கணும். பதில் வராதுன்னு தெரியும். கேட்டுட்டு வந்துட்டா எனக்குத் தூக்கம் வரும்."

நான் டீயை வெச்சேன்.

அக்கா வேலையைப் பிரிச்சுக் குடுத்தாங்க. முதல்ல சமாதிங்க. ஊர் ஊராப் போய் கல்லறைத் தோட்டத்துல இருக்கிற கல்லை எல்லாம் படம் பிடிச்சு, பேரோட இணையத்துல ஏத்தறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. சம்பளமா, கிம்பளமா? எதுவும் கிடையாது. லீவு நாள்ல குடும்பத்தோட சினிமாவுக்குப் போகாம செத்தவங்களைப் பார்க்கப் போறாங்க. அவங்க புண்ணியத்துல, பெத்த அந்தம்மாவோட அப்பா கல்லு கிடைச்சுது. அம்மா கல்லு கிடைச்சுது. சித்தப்பாவும் பக்கத்துலயே படுத்திருந்தார். அந்தம்மாவை மட்டும் காணோம்.

"கல்லு நடாம விட்டிருப்பாங்க," நான் சொன்னேன். "இல்ல, போட்டோ எடுத்தவன் வெயில் தாங்காம வீட்டுக்குப் போயிருப்பான்."

"இருக்கலாம். பழைய பேப்பரைப் பாரு."

பழைய செய்தித்தாளை எல்லாம் பக்கம் பக்கமா ஏத்தி வெச்சிருக்கிற தளத்துக்குப் போனேன். பேரை அடிச்சா அந்தப் பேர் வந்த பக்கமெல்லாம் மஞ்சள் பூசிக்கிட்டு நிக்கும். அந்தக் குடும்பத்துல யார் போனாலும் பேப்பர்ல இரங்கல் போடாம விடமாட்டாங்க போல. அப்பா தொண்ணூறைத் தாண்டிப் போயிருக்கார், அவருக்குப் பெரிசா, வீட்டு விலாசத்தோட. சித்தப்பாவுக்குக் கொஞ்சம் சின்னதா. அந்தம்மாவுக்கு ஒரு வரி இல்லை.

அக்கா விரலால மேஜையைத் தட்டிக்கிட்டிருந்தாங்க. அந்தத் தட்டு எனக்குப் பழக்கம். பரண்ல யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்.

"குடும்பத்துல எல்லாரும் ஒழுங்கு முறையாச் செத்திருக்காங்க. இவங்க மட்டும் சொல்லாம கொள்ளாம செத்திருக்காங்களே. அந்த மரத்தைத் திற."

திறந்தேன். பேர், பிறந்த ஊர், செத்த தேதி, போட்டோ. கண்ணாடிக் கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. பார்த்தவங்க அப்படியே எழுந்துட்டாங்க.

"இது வேற போட்டோ."

தான் கொண்டுவந்த படத்தைத் திரைக்குப் பக்கத்துல பிடிச்சாங்க. கையில நடுத்தர வயசு. திரையில நல்லா வயசான முகம், வெள்ளை முடி, மூக்குக்கண்ணாடி, பின்னாடி ஒரு ஜன்னல்.

"ஒரு வருஷத்துல இப்படி வயசாகுமா?" நான் கேட்டேன். "அதுவும் செத்ததுக்கப்புறம்?"

"சும்மா இரு. படத்தை யார் வேணா மாத்தலாம். வீட்டுல இருந்த கடைசிப் படத்தைச் சொந்தக்காரங்க போட்டிருக்கலாம்."

"இல்லைங்க." கடைக்காரம்மா குரல் என்னமோ போல ஆயிடுச்சு. திரைக்கு ரொம்பப் பக்கத்துல குனிஞ்சு பார்த்தாங்க. "இந்த ஃபிரேம் என் கடையில இருக்கு. காது மடிப்புல இந்தச் சின்ன உலோகப் பட்டை வெச்சு இந்த வருஷம்தான் வந்துச்சு. போன வருஷம் இந்த மாடலே கிடையாது."

கீழே சலவைக் கடையில ஈரத் துணிமேல இஸ்திரிப் பெட்டி சீறற சத்தம் கேட்டுச்சு.

"உங்க பிறந்த நாள்லயே செத்திருக்காங்கன்னு சொன்னீங்கல்ல?" அக்கா ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வெச்சாங்க. "என் சர்வீஸ்ல பொய்யாச் செத்த ஆளுங்களை நிறையப் பார்த்திருக்கேன். தேதி கேட்டா திக்கக் கூடாதுன்னு, அவங்களால மறக்க முடியாத ஒரு தேதியைத்தான் எடுப்பாங்க. கல்யாண நாள், வீடு குடிவந்த நாள், இப்படி ஏதாவது. இவங்க உங்க பிறந்த நாளை எடுத்திருக்காங்க."

"அப்படின்னா…"

"பணத்துக்காகச் செத்தவன் உண்டு. கடனுக்குப் பயந்து, பொண்டாட்டிக்குப் பயந்து செத்தவன் உண்டு. இவங்க எதுக்குச் செத்தாங்க, அதான் எனக்குப் புரியலை. ஓட்டைவாய், அந்தத் தளத்துல உனக்கு ஒரு மரம் போடு."

எங்க தாத்தாவுக்கு ஒரு கட்டம், அப்பாவுக்கு ஒரு கட்டம், எனக்கு ஒரு கட்டம். இருக்கிறதுலயே நல்ல போட்டோவா ஒண்ணும் போட்டேன். அக்கா அவங்க செல்போன்ல என் பேரைத் தேடினாங்க. தாத்தா வந்தார், அப்பா வந்தார். என் கட்டத்துல பேர் இல்லை, போட்டோ இல்லை. 'ஆண்'னு மட்டும் இருந்துச்சு.

"என்னை மட்டும் ஏன் ஒதுக்கி வெச்சிருக்கு?"

"உயிரோட இருக்கியே, அதான். உயிரோட இருக்கிறவங்க விவரம் வெளியாளுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சுடுது. சரி, இப்போ செத்துடு."

"அக்கா!"

"'இறந்துவிட்டார்'னு ஒரு டிக் இருக்கும். தட்டுடா."

தட்டினேன். அடுத்த நிமிஷம் அக்கா போன்ல என் பேர், ஊர், போட்டோ எல்லாம் பளிச்சுனு வந்து நின்னுச்சு. "வாழ்நாள்ல எனக்கு இவ்வளவு மரியாதை கிடைச்சதே இல்லை"ன்னு சொல்லிட்டுத் திரும்பினேன். கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டு அழுதுட்டிருந்தாங்க.

"நான் தேடினா கிடைக்கணும்னு," அவங்களால முடிக்க முடியலை.

"ஆமாம்மா," அக்கா அவங்க தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. "உயிரோட இருந்தா உங்க கண்ணுல பட மாட்டாங்க. அதனால செத்துட்டாங்க."

"நான் பார்த்தேனே! பார்த்துட்டு, எவளோ ஒருத்தி இருக்கான்னு மூடிட்டுப் போயிட்டேனே! ஒரு வருஷம் சும்மா இருந்துட்டேனே! அந்தப் பக்கத்துலயே செய்தி அனுப்பற பொத்தான் இருந்துச்சு. செத்தவங்களுக்கு யாருங்க செய்தி அனுப்புவா?"

அந்தப் பொத்தானை அக்கா காட்டினாங்க. கடைக்காரம்மா அடிச்சாங்க, அழிச்சாங்க, மறுபடி அடிச்சாங்க. கடைசியில ரெண்டு வரிதான் போச்சு. நான் படிக்கக் கூடாதுன்னு திரும்பிக்கிட்டேன். என்னாலயும் சில சமயம் முடியும்.

பதில் வரலை. அக்கா காத்திருக்கிற ஜாதி இல்லை. அப்பாவோட இரங்கல்ல இருந்த விலாசத்தை எடுத்து, தெருவையே நடந்து பார்க்கிற மாதிரி காட்டற வரைபடத்துல நுழைஞ்சாங்க. வீடு வீடா நகர்த்திக்கிட்டே போனவங்க ஒரு இடத்துல நிறுத்தினாங்க. ஜன்னல் கம்பி வட்டத்துக்குள்ள வட்டமா வளைஞ்சிருந்துச்சு. போட்டோவுல அந்தம்மாவுக்குப் பின்னாடி இருந்த அதே ஜன்னல்.

"வண்டியை எடு."

வழியில பூக்கடை ஒண்ணு வந்துச்சு, கடைக்காரம்மா நிறுத்தச் சொன்னாங்க. இறங்கிப் போனவங்க வெறுங்கையோட திரும்பினாங்க.

"சமாதிக்குன்னு நினைச்சப்போ என்ன பூன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். ஆளுக்குன்னா என்ன வாங்கறதுன்னே தெரியலை." அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு அவங்களுக்கு. "பரவாயில்லை. அந்தப் படத்துல கண்ணாடி ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, பார்த்தீங்களா? காதுப் பக்கம் திருகு லூஸு. எந்தக் கடையில வாங்கினாங்களோ, சரியாப் பொருத்தவே இல்லை. போனதும் முதல்ல அதைச் சரி பண்ணிடறேன்." கைப்பையில எப்பவும் இருக்கிற சின்னத் திருப்புளியை எடுத்துக் காட்டினாங்க. வழி முழுக்க அதைக் கையிலயே வெச்சிருந்தாங்க.

கதவைத் திறந்தவர் வயசானவர். யாருன்னு கேட்க வாயைத் திறந்தார், கடைக்காரம்மா முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டார்.

"அக்கா," அவர் சொன்னது எங்க அக்காவை இல்லை. "அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு, நீ வருவேன்னு."

"அம்மா எங்கே?"

அவர் வாசல்படியிலயே உட்கார்ந்துட்டார். "போன மாசம்தாம்மா. தூக்கத்துலயே போயிடுச்சு."

"நிஜமாவா?" எங்க அக்காதான் கேட்டாங்க. எத்தனையோ வீட்டு வாசல்ல நின்னு அதே கேள்வியை அவங்க கேட்டு நான் பார்த்திருக்கேன். ஒளிஞ்சிருக்கிற ஆளைப் பிடிக்கணும்னு கேட்பாங்க. அன்னைக்கு அந்த மனுஷன் பொய் சொல்றதா இருக்கணும்னு கெஞ்சற குரல்ல கேட்டாங்க.

"நிஜம்மா. இன்னும் கல்லுகூட நடலை."

கடைக்காரம்மா கத்தலை. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. திருப்புளி கையிலயே இருந்துச்சு. காலையில எங்ககிட்ட வந்து அவங்க கேட்டது ஒரு சமாதி. அது கிடைச்சிருச்சு, போங்க. இந்தத் தொழிலுக்கு வந்ததுல எனக்கு வெறுத்துப்போன நாள் அதுதான்.

அவர் உள்ள கூட்டிட்டுப் போனார். அவர் அந்தம்மாவோட கூடப் பிறந்த தம்பியாம். அந்தம்மா கடைசிவரைக்கும் கல்யாணமே பண்ணிக்கலைன்னும் சொன்னார்.

"எங்கப்பா முரட்டுப் பிடிவாதம். ராத்திரியோட ராத்திரியா உன்னைத் தூக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தார். எங்கேன்னு சாகறவரைக்கும் சொல்லலை. அவர் போனப்புறம்தான் அக்கா வாயைத் திறந்துச்சு. கம்ப்யூட்டர் வாங்கிக் குடுன்னு கேட்டுச்சு. நான்தான் அந்த மரத்தைப் போட்டுக் குடுத்தேன். 'அவ தேடினா என் பேர் தெரியுமாடா?'ன்னு கேட்டுச்சு. 'தெரியாதுக்கா, செத்தவங்களுக்கு மட்டும்தான் பேர் காட்டும்'னேன். 'அப்போ என்னைச் செத்துட்டதாப் போடு'ன்னுச்சு. நான் திட்டினேன். கேட்கலையே! சொந்தக்காரங்க எல்லாம் போன் பண்ணி 'என்னடி, செத்துட்டியாமே?'ன்னு கேட்டாங்க. 'கம்ப்யூட்டர் தப்பு, நீ வேலையைப் பாரு'ன்னு வெச்சுடும்."

"போட்டோ?" கடைக்காரம்மா கேட்டாங்க.

"புதுக் கண்ணாடி போட்டதும் என்னை எடுக்கச் சொல்லி மாத்துச்சு. 'பழைய படத்தைப் பார்த்துட்டு வந்தா, எதிர்ல நிக்கிற கிழவி யாருன்னு அவளுக்கு எப்படிடா தெரியும்?'னு கேட்டுச்சு."

ஜன்னலோரமா மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர். அணைக்கவே கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்துச்சாம் அந்தம்மா. இவருக்கும் மனசு வரலை, அப்படியே விட்டிருந்தார். மவுஸைத் தொட்டதும் திரை முழிச்சுக்கிச்சு. 'உங்களுக்கு ஒரு புதிய செய்தி.' அதுக்குக் கீழே, காலையில எங்க ஆபீஸ்ல உட்கார்ந்து அனுப்பின அந்த ரெண்டு வரி. இப்போ கண்ணுல பட்டுடுச்சு, என்ன பண்றது?

'அம்மா, நீங்க இருக்கீங்களா? நான் வரட்டுமா?'

பக்கத்துல கண்ணாடி மடிச்சு வெச்சிருந்துச்சு. கடைக்காரம்மா நாற்காலியில உட்கார்ந்தாங்க. கண்ணாடியை எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சு, திருகை மெதுவா முறுக்கினாங்க. ரெண்டு பக்கமும் சமமா நிக்குதான்னு மேஜைமேல வெச்சுப் பார்த்தாங்க. தன் சேலை முந்தானையால லென்ஸைத் துடைச்சு, இருந்த இடத்துலயே மடிச்சு வெச்சாங்க. கடைக்கு வர்ற யாருக்கோ செய்யற மாதிரி அவ்வளவு ஒழுங்காச் செஞ்சாங்க. எனக்குத்தான் பார்க்க முடியலை.

"அந்தப் பொண்ணு எங்கே?" திடீர்னு கேட்டாங்க. "கீழே ஒரு கட்டம் இருந்துச்சே. பேர் இல்லாம."

பெரியவருக்குப் புரியலை. எங்க அக்காவுக்குப் புரிஞ்சிருந்துச்சு. காலையில இருந்தே புரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், அந்தக் கட்டத்தை அவ்வளவு நேரம் பார்த்துட்டு வாயைத் திறக்காம இருந்தாங்க.

"மரம் போட்டவங்களுக்கு மட்டும் எல்லாமே தெரியும்மா, மறைச்சிருக்கிறதும். இது உங்கம்மாவோட கம்ப்யூட்டர். நீங்களே திறந்து பாருங்க."

திறந்தாங்க. நாங்க வெளியில இருந்து பார்த்தப்போ 'பெண்'னு மட்டும் இருந்த அந்தக் கட்டத்துல இப்போ ஒரு பேர் இருந்துச்சு. பிறந்த நாள் இருந்துச்சு. இறந்துவிட்டாராங்கிற இடத்துல 'இல்லை, உயிருடன் இருக்கிறார்'னு இருந்துச்சு. பிறந்த நாள் கண்ணாடிக் கடைக்காரம்மாவோடது.

"இன்னொருத்தி யாரும் இல்லைம்மா," பெரியவர் சொன்னார். "உன் ஒருத்திக்குத்தான் பேர் வெச்சுது. நீ வயித்துல இருக்கறப்பவே வெச்சுடுச்சு. உயிரோட இருக்கியா இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா அந்த டிக்கை மட்டும் என்னைத் தொடவே விடலை."

அந்தப் பேரை நான் இங்கே சொல்லப் போறதில்லை. ஓட்டைவாய்க்கும் ஒரு அளவு இருக்கு. அவங்க திரையில விரலை வெச்சு, ஒவ்வொரு எழுத்தா, சத்தம் வராம உதடு மட்டும் அசைய, படிச்சாங்க. திரும்பத் திரும்பப் படிச்சாங்க. இத்தனை வயசுக்கு யாரும் அவங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் பெரியவர் பக்கம் திரும்பினாங்க.

"மாமா, அம்மா இருந்திருந்தா என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பாங்க? ஒரே ஒரு தடவை கூப்பிடறீங்களா?"

அவர் எழுந்து, சமையலறை வாசல் வரைக்கும் போய் நின்னார். அங்கிருந்து, விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடற குரல்ல, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ," கண்ணாடிக் கடைக்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்தாங்க. "வந்துட்டேன்மா."